கூட்டத்தின் நோயும் வரப்போரத்து நோயும்

வெப்பமண்டல நாடுகளில் தொற்றுநோய்கள் மிகுந்திருப்பதற்கு வெயிலையும் ஈரத்தையும் காரணம் காட்டுவது நெடுங்கால வழக்கம். ஆனால் குளிர்நாடான இங்கிலாந்தின் சதுப்பு நிலக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் மலேரியா நிலைகொண்டிருந்தது என்பதையும், 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வடிகட்டாத ஆற்றுநீரைக் குடித்த மக்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியானார்கள் என்பதையும் கருதினால், தட்பவெப்பம் மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். மக்கள் எங்கே கூடுகிறார்கள், எந்த நீரைக் குடிக்கிறார்கள், அவர்களுடைய கழிவு எங்கே போய்ச் சேருகிறது, ஊர் எந்த இடத்தில் முடிந்து கழனியும் புதரும் தொடங்குகின்றன என்பவையே ஒரு வட்டாரத்தின் நோய்களைப் பெரிதும் வகுக்கின்றன.

இதைப் பரிசீலிக்கத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,45,278 பேர் வாழ்ந்த இந்த நகரில், ஒவ்வொரு பௌர்ணமி இரவிலும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் வந்து போவோரின் தொகை 30 லட்சத்தைத் தாண்டுவதாக அண்மை ஆண்டுகளில் நிர்வாகம் மதிப்பிட்டு வருகிறது. ஆனால் நகரின் எல்லையைக் கடந்தால், செங்கம், போளூர், கலசபாக்கம் என்று எத்திசையில் சென்றாலும், நெல், கரும்பு, மணிலா பயிரிடும் கிராமங்களும் ஏரிக்கரைகளும் முட்புதர் மண்டிய தரிசுகளுமே. மாவட்டத்தின் சுமார் 24.6 லட்சம் மக்களில் பெரும்பான்மையோர் வாழ்வது அங்கேதான். திருவிழாக் கூட்டத்தைப் பற்றிய அச்சத்தில் உருவான பொது சுகாதார அமைப்பு அந்தக் கூட்டத்தின் நோய்களைப் பெரும்பாலும் அடக்கிவிட்டது. ஆனால் கழனி வரப்பில் தொற்றி, ஒவ்வொருவராகத் தனித்தனியே படுக்கையில் சாய்க்கும் நோய்களைக் கண்டுகொள்வதில் அது இன்னும் தடுமாறுகிறது.

கூட்டத்தின் நோய்களில் முதன்மையானது காலரா. வாந்திபேதி என்று ஊர்மக்கள் அஞ்சிய இந்த நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. நோய்க்குக் காரணம் இந்த நச்சே என்பதைக் கல்கத்தாவின் சம்புநாத் தே 1959-இல் நிறுவினார். அந்த நச்சு குடல் உயிரணுக்களைத் தூண்டி, உடலின் உப்பு குடலுக்குள் இடைவிடாமல் கசியும்படி செய்கிறது. உப்பு செல்லும் வழியே நீரும் செல்வதால், கடும் நோயாளி ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரிழந்து, ஈடுசெய்யப்படாவிட்டால் ஒரே பகலில் இறந்துபோகக்கூடும். தொற்றியதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலம் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை. பொது சுகாதார நோக்கில் இந்த ஐந்து நாள்தான் முக்கியம். ஏனெனில் திருவிழாவில் குளத்துநீரைக் குடித்த பக்தர் நலமாகவே ஊர் திரும்பி, தம் ஊர்க் கிணற்றடியில் நோயாளியாகிறார்.

விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைக்கும் ரயில் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவண்ணாமலை வழியாகப் போடப்பட்டபோது, இந்த ஐந்து நாள் எட்டும் தூரம் பல மடங்காகியது. மாட்டு வண்டியில் வந்தவர் திரும்பும் வழியிலேயே நோயுற்றுச் சத்திரங்களில் விழுந்த காலம் போய், ரயிலில் வந்தவர் கிருமியைத் தொலைதூர மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் காலம் வந்தது. அதற்கு முன்பே, 1866-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, உலகைச் சுற்றிவந்த காலராவின் பிறப்பிடம் இந்தியா என்றும், இந்துக்களின் புனித யாத்திரைகளும் மக்கா யாத்திரையும் அதைப் பரப்பும் வழிகள் என்றும் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பில் அறிவியலோடு ஐரோப்பியரின் வணிக அச்சமும் கலந்திருந்தது. யாத்திரையைக் குறை சொன்ன அளவுக்கு, யாத்திரைத் தலங்களில் குழாய்நீர் இல்லாததைப் பற்றி எவரும் பேசவில்லை. செலவில்லாத தீர்வு பக்தரைக் குற்றவாளியாக்குவதே என்று ஆட்சியாளர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

காலராவுக்குப் பின்னால் பிளேக் வந்தது. 1896-இல் பம்பாயில் தொடங்கிய அந்தப் பெருந்தொற்று 1905-இல் திருவண்ணாமலையையும் தொட்டது. நகரவாசிகளில் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேற, மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த ரமணர் பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கியிருந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. எலி செத்து விழுந்ததும் ஊரைக் காலி செய்யும் இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பிளேக் பாக்டீரியாவைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சி, தான் ஒட்டியிருந்த எலி இறந்து குளிர்ந்ததும் அடுத்த வெப்ப உடலைத் தேடுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஆளில்லாமல் இருப்பதே, மருந்தில்லாத காலத்தில், கிடைக்கக்கூடிய சிறந்த தடுப்பு.

இத்தகைய அடிகளுக்குப் பதிலாகவே சென்னை மாகாணத்தின் சுகாதார அமைப்பு படிப்படியாக எழுந்தது. 1899-இல் கிண்டியில் கிங் நிறுவனம் தோன்றி, அம்மைப்பால் தயாரிப்பும் நீர்ச் சோதனையும் அங்கே நிலைபெற்றன. 1920-களின் தொடக்கத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் அமைந்தபோது, அதன் தலைமையை ஏற்ற ஏ.ஜே.எச். ரஸ்ஸல் மாகாணத்தின் காலரா மரணக் கணக்குகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, கொள்ளைநோய் எந்தப் பருவத்தில் எந்தத் திசையில் நகரும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முயன்றார். 1939-இல் நிறைவேறிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. ஒரு திருவிழா அறிவிக்கப்பட்டால், குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யும் கடமையும் அதிகாரமும் குறிப்பிட்ட அலுவலர்களைச் சேரும் என்று அச்சட்டம் வகுத்தது. பக்தரைக் குற்றவாளியாக்கிய காலத்திலிருந்து ஏற்பாட்டைக் கடமையாக்கிய காலத்துக்கு வந்த இந்த மாற்றம் சிறியதன்று.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவின் பல மாநிலங்கள் மருத்துவப் பணியையும் பொது சுகாதாரப் பணியையும் ஒன்றாக இணைத்துவிட, அங்கெல்லாம் ஆஸ்பத்திரி நடத்துவதே முதல் வேலையாகி, சாக்கடையையும் கிணற்றையும் பார்க்கும் வேலை பின்வாசலுக்குப் போனது. தமிழ்நாடு மட்டும் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகத்தையும், அத்துறையில் பயிற்சி பெற்ற தனி அலுவலர் அணியையும், தனி நிதி ஒதுக்கீட்டையும் விடாமல் காத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரை முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் எழாமல் போனதற்கு இந்த அமைப்பே முக்கியக் காரணம் என்பது பொது சுகாதார ஆய்வாளர்களின் கருத்து. அது மிகையான பாராட்டு அன்று.

தீபத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் இந்த அமைப்பின் இயல்பு தெரியும். நகருக்குச் சாத்தனூர் அணையிலிருந்து வரும் குடிநீர் மேல்நிலைத் தொட்டிகளில் ஏறியதும், ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் நீர்விட்டுக் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பொடியை அப்படியே கொட்டினால் சுண்ணாம்பு தொட்டியில் சேருமே தவிர, குளோரின் சீராகக் கலக்காது. அரைமணி நேரமாவது கழிந்த பின், கடைக்கோடித் தெருக்குழாயில் பிடித்த நீரைக் குளோராஸ்கோப் என்னும் சிறு கருவியின் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டால், குளோரின் மீதம் இருக்குமானால் நீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மீதக் குளோரினாவது கடைசிக் குழாயில் இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியடியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் ஆய்வாளருக்கும், குழாய் முடியும் தெருவரை போய்ப் பார்க்கும் ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாடே, சில ஆண்டுகளில், நோய் வராமைக்கும் வருகைக்கும் உள்ள வேறுபாடாக இருந்திருக்கிறது.

நீரைவிடச் சிக்கலானது சோறு. கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம் நடக்கிறது. இப்போது அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, குறித்த இடத்தில் மட்டுமே வழங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அதிகாலையில் வடித்த சோறு அண்டாவில் மூடியபடி வெதுவெதுப்பாகவே மாலைவரை இருக்கும்போது, பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அதில் முளைத்துப் பெருகுகின்றன. கொதிநிலையையும் தாங்கிப் பிழைத்த வித்துகள் அவை. அந்தப் பாக்டீரியா சுரக்கும் வாந்தி நச்சு வெப்பத்துக்கு அழிவதில்லை என்பதால், மறுபடி சூடாக்கிப் பரிமாறுவதால் பயனில்லை. கொடையுள்ளத்தோடு செய்யும் காரியத்தில் விதி பேசுவது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். ஆனால் சிறு சிறு பாத்திரங்களில் பலமுறை சமைப்பதுதான் இதற்கு நல்ல வழி.

தடுப்பு தவறும் இடத்தில் சிகிச்சை காத்து நிற்கிறது. வங்கதேசப் போர்க்காலத்தில், 1971-இல், மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்து, காலரா மரணத்தை 3 விழுக்காட்டளவுக்குக் குறைத்துக் காட்டினார். குளுக்கோஸ் மூலக்கூறு குடல் உயிரணுவுக்குள் நுழையும்போது சோடியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. அந்த வழியைக் காலரா நச்சு அடைப்பதில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இதனால்தான். 1992-இல் ஓ139 என்ற புதிய காலரா வகை உலகிலேயே முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டு, சில மாதங்களில் வங்கக் கடலோரம் முழுவதும் பரவியபோதும், பழைய காலம் போல ஊர்கள் காலியாகாமல் இருந்ததற்கு இந்தக் கரைசலுக்குப் பெரும் பங்குண்டு. டெங்குவைப் பற்றி இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவின் புழுவைத் தேடி வீடுவீடாகத் தொட்டியைக் கவிழ்க்கும் பணியாளர்களை நகரவாசிகள் அனைவரும் அறிவர். அதுவும் நெருக்கமான குடியிருப்பின் நோய், எனவே இந்த அமைப்பின் கண்ணுக்குப் படும் நோய்.

கழனிப்பக்கம் நோய் இருக்கிறது என்ற முதல் எச்சரிக்கை 1955-இல் வந்தது. அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில், அதாவது 1989-இல் பிரிக்கப்படும்வரை வேலூரையும் திருவண்ணாமலையையும் சேர்த்துக்கொண்டிருந்த பெருமாவட்டத்தில், மூளைக்காய்ச்சலோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு, கொக்கு நாரைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரசை எடுத்து மனிதருக்குத் தருகிறது. தொற்றுள்ள பலரில் மிகச் சிலருக்கே நோய் வெளிப்படுகிறது, வெளிப்பட்டவர்களில் பலர் இறக்கிறார்கள் அல்லது ஊனமுறுகிறார்கள். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை என்பதால், எந்தத் திருவிழாவைத் தடுத்தும் இதைத் தடுக்க முடியாது.

சிதறிக் கிடக்கும் இத்தகைய நோயை எண்ணிப் பார்ப்பது எப்படி என்பதற்கு அதே மாவட்டம் ஒரு விடையும் கண்டது. 1980-களில் வேலூரின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், வடஆற்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து தற்செயலாகவோ திட்டமிட்டோ 'நதி' என்று ஒலித்தன. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி, குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைச் சந்தேகித்த உடனே அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றில் நோயாளியின் ஊரையும் நோயையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டால் போதும். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதந்தோறும் செய்திமடலாக மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுக்குத் தலைக்கு ஒரு ரூபாய்க்கும் குறைந்த செலவில் ஒரு மாவட்டமே தன் நோய்களைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தது. பின்னாளில், 2004-இல், நாடு தழுவிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் கணினியும் ஆய்வகமுமாகத் தொடங்கப்பட்டது. ஆனால் தனியார் மருத்துவர் மனமுவந்து எழுதிய அந்த அஞ்சலட்டையின் இடத்தை அது முழுமையாக நிரப்பிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

மண்ணிலிருந்து வரும் நோய்க்கு மாவட்டத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு ஜவ்வாது மலை. கொக்கிப்புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள் ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே சென்று, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே சுவரைக் கவ்விக் குருதி உறிஞ்சுகின்றன. பல ஆண்டுகள் நீடிக்கும் இந்தக் கசிவே மலைவாழ் பெண்களின் சோகைக்கு ஒரு காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதா, ஊரிலுள்ள அனைவருக்கும் கொடுத்துப் பரவலையே அறுப்பதா என்ற கேள்விக்கு விடை தேடிய டிவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வு, ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளோடு இந்தியாவில் தேர்ந்தெடுத்த களங்களில் ஜவ்வாது மலை ஒன்றியமும் இருந்தது.

இவை எல்லாவற்றிலும் இன்று கூடுதல் கவனத்துக்கு உரியது, நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ். இதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் தொங்கும் பெரிய உண்ணி அன்று. லெப்டோட்ராம்பிடியம் என்னும் சிற்றுண்ணியின் குஞ்சுப் பருவம். ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள, ஆறு கால்கள் கொண்ட, செம்மஞ்சள் நிறக் குஞ்சு அது. இந்தச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், அதுவும் குஞ்சாக இருக்கும்போதுதான், விலங்கின் உடலை நாடுகிறது. வளர்ந்த பின் எட்டுக் காலோடு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்கிறது. எலியும் பெருச்சாளியும் மூஞ்சூறும் ஓடும் புல்லின் நுனியில் குஞ்சுகள் கூட்டமாகக் காத்திருக்க, அவ்வழியே களையெடுக்கவோ விறகு பொறுக்கவோ ஒதுங்கவோ வரும் மனிதர் தற்செயலாக அகப்படுகிறார். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியா தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குப் போவதால், இந்தப் பூச்சியே நோயின் கடத்தியும் சேமிப்பிடமும் ஆகிறது. தொட்டியைக் கவிழ்த்து டெங்கு கொசுவைக் குறைப்பதுபோல இதைக் குறைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடித்த இடத்தில் வலி இல்லை, அரிப்பும் பெரிதாக இல்லை. ஆறு முதல் இருபத்தொரு நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் தொடங்கும்போது, பலருக்குக் கடிவாயில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு உருவாகியிருக்கும். சிற்றுண்ணி உடையின் இறுக்கத்தில் நின்று கடிப்பதால், அந்தப் பொருக்கு இருக்கும் இடம் பெரும்பாலும் அக்குள், கவட்டை, மார்பின் அடிமடிப்பு, இடுப்புக்கயிறு, பாவாடை நாடா அழுந்தும் இடம் ஆகியவை. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளர் பிரிவில், ஆண் மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் கிராமத்துப் பெண்ணின் உடலில் இந்த இடங்களை யாரும் பார்ப்பதில்லை. நோயாளிக்கும் அது புண் என்றே தெரியாது. ஒரு செவிலியரும் ஒரு திரையும் ஐந்து நிமிடமும் இருந்தால் உறுதியாகிவிடக்கூடிய நோய், இவை மூன்றும் ஒன்றாகக் கிடைக்காததால் தவறவிடப்படுகிறது.

பாக்டீரியா குருதிநாளங்களின் உட்சுவர் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுவதால், நாளங்கள் கசியத் தொடங்கி, நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று எந்த உறுப்பும் பழுதாகலாம். குருதித் தட்டணுக்கள் குறைவதைப் பார்த்ததும் டெங்கு என்று முடிவு கட்டுவது எளிது. இரண்டும் மழைக்குப் பின்னரே வருகின்றன. டெங்கு இல்லை என்று தெரிந்ததும் வழக்கமாக எழுதப்படும் பென்சிலின் குடும்ப மருந்துகளும் செஃப்ட்ரையாக்சோன் ஊசிகளும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை; ஏனெனில் அவை தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை, ஓரியன்ஷியாவுக்கோ அத்தகைய கனத்த சுவர் இல்லை, போதாததற்கு அது மனித உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து போதிய காலத்தில் கொடுக்கப்பட்டால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்; கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பதுண்டு. காலம் தாழ்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் கதை வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் ஏழு இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, கடும் நோயாளிகளுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நாளத்தில் ஏற்றினால், இறப்பு, நீடித்த சிக்கல், நீடித்த காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்றாவது நேர்வது 33 விழுக்காட்டினருக்கே என்றும், ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 விழுக்காடு என்றும் காட்டியது. ஆயினும் இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று பிரிவுகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. தாமதத்துக்கு மருந்துச் சேர்க்கை ஈடாகாது.

நோயின் பரப்பைப் பற்றிய கணிப்பும் அண்மையில் மாறியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியவரை இது அரிய நோயாகவே தோன்றியது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, வீடுவீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்துக் குருதியும் சோதித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானபோது, இந்த வட்டாரக் கிராம மக்களில் ஆண்டுதோறும் பத்து விழுக்காடு வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பது தெரியவந்தது. அவர்களில் சிறு பங்கினருக்கே காய்ச்சல் வருகிறது. அப்படி இருந்தும், காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேரும் நிலைக்கு இந்த நோய் அப்பகுதியில் முன்னணிக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. 2025-இன் தொடக்கத்தில் மாநிலப் பொது சுகாதார இயக்குநரகம் உண்ணிக் காய்ச்சல் குறித்து எச்சரிக்கை விடுத்தபோது, நோய் காணப்படும் மாவட்டங்களாகக் குறிப்பிடப்பட்டவற்றுள் வேலூரும் திருவண்ணாமலையும் இருந்தன.

இங்கே ஒரு பருவப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழை புல்லை வளர்த்து, குளிர்ந்த ஈரம் மண்ணில் தங்கும் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களே இந்த நோய் ஓங்கும் காலம். கார்த்திகை தீபமும் அதே பருவத்தின் நடுவே வருகிறது. 2024-இல் தீபத்துக்கு இரு வாரத்துக்கு முன் ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் இறந்த நிலையில், மாவட்டத்தின் முழுக் கவனமும் நகருக்குள்ளேயே குவிந்திருந்தது. மழையில்லாத ஆண்டிலும் நிலைமை பெரிதாக வேறுபடுவதில்லை. தீபப் பணிக்குச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வாளர்களும் அழைக்கப்படும் அதே நாட்களில்தான், அந்நிலையங்களுக்கு உரிய கிராமங்களில் களையெடுத்துவிட்டு வந்த பெண் நான்கு நாளாகக் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். கூட்டத்துக்கு வந்த ஒருவர் மயங்கி விழுந்தால் ஐந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது. இவளுக்கோ முதலில் மருந்துக்கடையில் இரண்டு ஊசி விழுகிறது. இதைச் சுகாதாரத் துறையின் அலட்சியம் என்று சொல்வது நியாயமாகாது. நூறாண்டுக் காலம் கூட்டத்தைக் கண்காணிக்கப் பழகிய அமைப்பு, தனித்தனியாக வரும் நோயாளிகளை ஒரு கொள்ளைநோயாக எண்ணப் பழகவில்லை. குறைபாடு எண்ணிக்கை முறையில் இருக்கிறது.

திருத்தத்துக்குப் பெரும் செலவு தேவைப்படுவதாகத் தெரியவில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக இன்றியமையாத மருந்துகள் கடைக்கோடி நிலையம்வரை போய்ச் சேரும் ஏற்பாடு முன்பே இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. எலைசா சோதனைக்கான குருதி மாதிரியை வட்டார நிலையத்திலேயே எடுத்து அனுப்பவும், ஐந்து நாளைக் கடந்த காய்ச்சலுக்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்கவும், தனியார் மருத்துவரின் கணக்கையும் பொதுக் கணக்கில் சேர்க்கவும் மருத்துவ அலுவலர்கள் பழகிக்கொண்டால், இந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். அதுவரை வேலையின் ஒரு பகுதி நோயாளியின் வீட்டாரையே சேர்கிறது. மழைக்காலம் தொடங்கி மாசி முடியும்வரை, கழனிக்கோ காட்டோரத்துக்கோ போய்வந்த ஒருவருக்கு விடாமல் காய்ச்சல் அடித்தால், அக்குளிலும் இடுப்பிலும் கவட்டையிலும் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும். இல்லாவிட்டாலும், உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதற்கான மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.